கடல் கடந்து வரும் சில்லு

மலிவு என்ற சொல்லுக்கு மயங்காதவர் உலகில் மிகச் சிலரே. 1985ஆம் ஆண்டு தீக்கிரையாகும் வரை, சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்களும் வானொலி உதிரிகளும் தேடி அலைந்த கதையைப் பெரியவர்கள் இன்றும் சுவைபடச் சொல்வதுண்டு. அங்கே ஏமாந்தவர்களும் இருந்தார்கள். ஆயினும் ஏமாற்றிய கடைக்காரர் மறுநாளும் அதே கடையில்தான் உட்கார்ந்திருப்பார். போய்ச் சண்டையாவது போடலாம். இன்று நாம் மலிவைத் தேடுவது கைப்பேசித் திரையில். கடைக்காரர் இருப்பதோ சீனத்து ஷென்சென் நகரில்; அல்லது அங்கே இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார். அவர் முகமும் தெரியாது, பெயரும் மெய்யா என்று தெரியாது. அடுத்த மாதம் அந்தக் கடையே திரையில் இருக்குமா என்பதும் ஐயமே.

இவ்வாறு தருவிக்கப்படும் பொருள்கள் ஆயிரம். அவற்றுள் நான் இங்கு எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று: கணிப்பொறியின் மூளை எனப்படும் நுண்செயலி. கடைத்தெரு மொழியில் சொன்னால் புராசசர். நம் கல்லூரியில் கணிப்பொறி அறிவியல் பயில்வோர் மட்டுமல்லர், புள்ளியியல் மாணவரும் வணிகவியல் மாணவரும்கூட உதிரிகளை ஒவ்வொன்றாய் வாங்கித் தாமே ஒரு கணிப்பொறியைப் பூட்டிக்கொள்ள விரும்பும் காலம் இது. அந்த விருப்பம் பாராட்டத் தக்கது. ஆனால் அதற்குப் பணம் வருவது எங்கிருந்து? உதவித்தொகையிலிருந்தும் விடுமுறையில் செய்த வேலையின் கூலியிலிருந்தும் வருகிறது. சில வீடுகளில் அம்மாவின் சீட்டுப் பணத்திலிருந்தும் வருகிறது. எனவே இதை வெறும் பொழுதுபோக்குச் சங்கதி என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை.

வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்குவதில் என்ன அபாயம் என்று கேட்டால் எல்லாரும் உடனே சொல்வது ‘போலிச் சரக்கு’ என்பதே. அது உண்மைதான், அதைப் பற்றியும் சொல்வேன். ஆனால் அதைவிடப் பெரிதாக எனக்குத் தோன்றுவது வேறொன்று. அப்படி வாங்குகிற கணத்தில், வாங்குபவரே இறக்குமதியாளர் ஆகிறார். சரக்கைப் பரிசோதிப்பவர் ஆகிறார். உத்தரவாதம் கொடுப்பவரும் அவரே ஆகிறார். உள்ளூரில் இம்மூன்று வேலைகளையும் வேறு யாரோ செய்து, அதற்கான கூலியை விலையில் சேர்த்திருப்பார்கள். மலிவு விலை என்பது அந்தக் கூலி கழிந்த விலை. வேலை மட்டும் கழிவதில்லை. நம் தலையில் வந்து ஏறுகிறது.

முதலில் போலியைப் பார்ப்போம். போலி செய்வோருக்கு நுண்செயலியைப் போல வாய்ப்பான பொருள் வேறில்லை. உள்ளங்கையில் அடங்கும், எடை இல்லை, விலை மட்டும் ஆயிரக்கணக்கில். அது இன்ன வகை என்று சொல்வது மேலேயுள்ள உலோக மூடியில் பொறித்த சில எழுத்துகளே. அந்த எழுத்துகளையும் நாம் ஒரே ஒரு முறைதான் பார்க்கிறோம். பிறகு மூடியின்மேல் வெப்பப் பசை தடவி, குளிர்விக்கும் விசிறியை வைத்துத் திருகிவிட்டால், ஆண்டுக்கணக்கில் அது கண்ணில் படுவதே இல்லை. 1990களில் ஆசியச் சந்தைகளில் குறைந்த வேகப் பென்டியம் சில்லுகளின் எழுத்தைச் சுரண்டிவிட்டு, கூடுதல் வேகத்தின் எண்ணைப் பொறித்து விற்றார்கள். பெருக்கு எண்ணை மாற்ற முடியாதபடி இன்டெல் நிறுவனம் சில்லுக்குள்ளேயே பூட்டியதற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம்.

பெயர் பெற்ற கடையில் வாங்கினால் போதுமே என்பார்கள். 2010ஆம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் பெரிய இணையக் கடைகளுள் ஒன்றான நியூஎக், தன் வாடிக்கையாளர் சிலருக்குக் கோர் ஐ7-920 என்ற பெயரில் அனுப்பிய பெட்டிகளில் இருந்தது என்ன தெரியுமா? சில்லு இருக்க வேண்டிய இடத்தில் ஓர் உலோகத் துண்டு. விசிறி இருக்க வேண்டிய இடத்தில் படம் ஒட்டிய பிளாஸ்டிக் அச்சு. பயன்படுத்தும் முறை சொல்லும் கையேட்டில் வெற்றுத் தாள். கடை முதலில் வேறு காரணம் சொன்னது. பின்பு போலி என ஒப்புக்கொண்டு, சரக்கு வழங்கிய நிறுவனத்தோடு உறவை முறித்துக்கொண்டது. 2017இல் அமேசான் வழியே ரைசன் 7 1700 வாங்கிய சிலருக்குக் கிடைத்தது, ரைசன் என்று அச்சடித்த தாள் ஒட்டிய பழைய இன்டெல் சில்லு. அந்த வகை ரைசனின் அடியில் ஊசிகள் இருக்கும். இன்டெல் சில்லின் அடியிலோ ஊசியே கிடையாது. திருப்பிப் பார்த்தவர்கள் கண்டுகொண்டார்கள். 2024இல் ஜெர்மனியைச் சேர்ந்த வல்லுநர் ஒருவர் ஐயத்துக்குரிய ரைசன் 7 7800எக்ஸ்3டி ஒன்றின் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே சிலிக்கான் என்பதே இல்லை!

மாணவர்கள்தாம் ஏமாறுகிறார்கள் என்று எண்ண வேண்டா. அமெரிக்க செனட்டின் படைத்துறைக் குழு 2012 மே மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2009, 2010 ஆகிய ஈராண்டுகளில் மட்டும் அந்நாட்டுப் பாதுகாப்புத் தளவாடங்களுக்கான மின்னணு உறுப்புகளில் சுமார் 1,800 போலி நிகழ்வுகளை அக்குழு கண்டது. ஐயத்துக்குரிய உறுப்புகளின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. மூலம் தேடிச் சென்றவற்றில் 70 விழுக்காட்டுக்கு மேல் சீனாவில் போய் நின்றது. பழைய மின்னணுக் குப்பையிலிருந்து சில்லுகளைப் பெயர்த்து, கழுவி, மேற்பரப்பைத் தேய்த்து, புதிய எழுத்துப் பொறித்து விற்கும் தொழில் அங்கே எவ்வளவு சீராக நடந்தது என்பதை அவ்வறிக்கை விரித்துரைக்கிறது. விமானத்துக்கு உறுப்பு வாங்குகிறவர்களே ஏமாந்திருக்கிறார்கள்.

இத்தனையும் சொன்ன பிறகும், போலியைக் கண்டு நான் அவ்வளவாக அஞ்சவில்லை. காரணம், போலி தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். மூடியில் என்ன எழுதினாலும், கணிப்பொறி கேட்கும்போது சில்லு தன் உண்மைப் பெயரையே சொல்லும். அப்படிச் சொல்வதற்கென்றே அதனுள் ஒரு கட்டளை அமைந்திருக்கிறது. மூடியில் உள்ளது வியாபாரியின் வாக்குமூலம். உள்ளிருந்து வருவது சில்லின் வாக்குமூலம். இரண்டும் ஒத்துவராவிட்டால் உடனே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தொல்லை தருவது அசல் சரக்குதான். அதாவது, அசலாகவே இருந்தும் நமக்குப் பயன்படாத சரக்கு.

ஆய்வு மாதிரிகள் என்று ஒரு வகை உண்டு. புதிய நுண்செயலி சந்தைக்கு வருமுன், மதர்போர்டு செய்பவர்கள் சோதித்துப் பார்ப்பதற்காக இன்டெல் முன்கூட்டியே சில சில்லுகளைக் கொடுக்கிறது. அவை இரவல், இன்டெல்லின் உடைமை, விற்பனைக்கு உரியவை அல்ல. அவற்றின் மூடியில் ‘இரகசியம்’ என்றே ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். விற்பனைச் சில்லின் குறியீடு ‘எஸ்’ என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும். மாதிரியின் குறியீடு ‘கியூ’வில் தொடங்கும். இவை எவ்வாறோ வெளியே வந்து கடல் தாண்டிப் பாதி விலைக்கு விற்கின்றன. வேலை செய்யவும் கூடும். ஆனால் நாளை உங்கள் மதர்போர்டின் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது அந்தச் சில்லை அது அடையாளம் காண மறுத்தால், முறையிட எந்த வாசலும் இல்லை.

இதைக் காட்டிலும் விந்தையானது பூட்டிய சில்லு. ஏ.எம்.டி. நிறுவனத்தின் எபிக் என்னும் சர்வர் நுண்செயலிகளில், ஒரு முறை எரித்தால் திரும்ப இணைக்க முடியாத நுண்ணிய உருகிகள் உள்ளன. டெல், லெனோவா போன்ற நிறுவனங்களின் சில சர்வர்களில் அந்தச் சில்லு முதன்முறை இயங்கும்போது இவ்வுருகிகள் எரிக்கப்பட்டு, அதன்பின் அந்த நிறுவனத்தின் கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டுமே அச்சில்லு ஏற்கும். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு இது. 2020இல் பரவலாகத் தெரிய வந்தது. லெனோவாவின் சில மேசைக் கணிப்பொறிகளின் ரைசன் புரோ சில்லுகளுக்கும் இதே கதி. இப்படிப் பூட்டிய சில்லு பழைய சரக்குச் சந்தைக்கு வந்தால் பார்வைக்கு எந்த வேறுபாடும் இராது. அசல்தான், பழுது இல்லைதான். ஆனால் நம் மதர்போர்டில் உயிர் வராது. விற்பவர் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது.

மூன்றாவது, உள்ளே நோய் கொண்ட சில்லு. இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறி நுண்செயலிகளில், குறிப்பாகக் கோர் ஐ9 வகையில், இயங்கிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகும் கோளாறு வெளிப்பட்டது. சில்லு தனக்குத் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டதே முதன்மைக் காரணம் என்று 2024இல் அந்நிறுவனம் அறிவித்தது. திருத்தம் வெளியிட்டு, பெட்டியில் விற்ற சில்லுகளுக்கு 3 ஆண்டு உத்தரவாதத்தை மேலும் 2 ஆண்டு நீட்டித்தது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சில்லைத் திருத்தம் குணப்படுத்தாது. அப்படிப்பட்ட சில்லு ஒன்றை அதன் சொந்தக்காரர் என்ன செய்வார்? நல்லவராயின் மாற்றிக்கொள்வார். மற்றவர் விற்றுவிடுவார். அது பத்து நாள் நன்றாக ஓடும். பதினோராம் நாள் ஏதேனும் பெரிய கோப்பை விரிக்கும்போது நிற்கும். நாம் மென்பொருளைப் பழிப்போம், நினைவகத்தைப் பழிப்போம், மின்வாரியத்தையும் பழிப்போம். சில்லின்மேல் ஐயம் வருவதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்திருக்கும்.

இந்தக் கெடுவைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வசதியுள்ளவர் எல்லா உதிரிகளையும் ஒரே நாளில் வாங்குவார். நாம் அப்படியா? தீபாவளித் தள்ளுபடியில் நுண்செயலி, பொங்கலுக்கு மதர்போர்டு, அடுத்த பருவத்து உதவித்தொகையில் நினைவகம் என்று வாங்குகிறவர்கள் நாம். மதர்போர்டு இல்லாமல் நுண்செயலியைச் சோதிக்க வழியே இல்லை. எனவே முதலில் வாங்கிய பொருள் நல்லதா என்பது கடைசிப் பொருள் வந்த பிறகுதான் தெரியும். திருப்பி அனுப்பும் கெடு வாரக் கணக்கில். நம் சேமிப்போ மாதக் கணக்கில். ஏழை மாணவனுக்கு இந்த வாணிகம் இடறுவது பெரும்பாலும் இங்கேதான்.

என் நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொன்னால் நிலைமை விளங்கும். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 வகைச் சில்லு ஒன்றை வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடமிருந்து தருவித்தார். அவ்வகைச் சில்லின் அடியில் தலைமயிர் போன்ற ஊசிகள் 1,331 உண்டு. வந்ததோ பஞ்சு வைத்த காகித உறை. பிரித்தபோது ஒரு மூலையில் ஏழெட்டு ஊசிகள் சாய்ந்து கிடந்தன. விற்பனையாளர் மறுக்கவில்லை; மிகப் பணிவாகவே பதில் எழுதினார். ‘சரக்கைத் திருப்பி அனுப்புங்கள், வந்து சேர்ந்ததும் பணம் தருகிறோம்’ என்றார். கண்காணிப்பு எண்ணோடு அயல்நாட்டுக்குப் பொதி அனுப்ப ஆகும் செலவைக் கூரியர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு நண்பர் நடந்தே விடுதிக்குத் திரும்பினார். பிறகு கைப்பேசி பழுது பார்க்கும் ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஊசி முனையால் ஒவ்வொன்றாய் நிமிர்த்தினார், ஒன்று ஒடிந்தது. கணிப்பொறி இன்றும் ஓடுகிறது. ஆனால் மதர்போர்டின் நான்கு நினைவகப் பள்ளங்களில் இரண்டு வேலை செய்வதில்லை. இதில் மோசடி எங்கே? எவரும் பொய் சொல்லவில்லை. நஷ்டம் மட்டும் முழுக்க ஒருவர் தலையில்.

உத்தரவாதத்துக்கு வருவோம். நுண்செயலிகள் இரு வகையாகப் புறப்படுகின்றன. அச்சிட்ட பெட்டியில் வருவது சில்லறை வாடிக்கையாளருக்கு. அதற்கு இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் பொதுவாக 3 ஆண்டு நேரடி உத்தரவாதம் தருகின்றன. தட்டுத் தட்டாக அடுக்கி வருவது கணிப்பொறி செய்யும் நிறுவனங்களுக்கு. கடைத்தெருவில் இதனை ‘ட்ரே’ என்பார்கள். அதற்கு உற்பத்தியாளர் நமக்கு நேராகப் பொறுப்பேற்பதில்லை, விற்றவர்தான் பொறுப்பு. விற்றவர் ஷென்சென்னில் இருந்தால் பொறுப்பும் ஷென்சென்னில்தான். வெளிநாட்டிலிருந்து மலிவாக வருவனவற்றில் பெரும்பகுதி இந்த ட்ரே வகையே.

பெட்டியோடு வாங்கினாலும் நம் நாட்டில் ஒரு காலத்தில் சிக்கல் இருந்தது. 2016 ஏப்ரலில் இன்டெல் இந்தியாவுக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. அதிகாரம் பெற்ற இந்திய விநியோகஸ்தர் வழியே வாங்கிய பெட்டிச் சில்லுக்கு மட்டுமே இங்கு உத்தரவாதம் என்றது. வெளிநாட்டில் முறையாக வாங்கிய அசல் பொருளாயினும் இங்கே மாற்றித் தர மாட்டார்கள். இது நியாயமா என்ற முறையீட்டின் பேரில் இந்தியப் போட்டி ஆணையம் 2019இல் விசாரணைக்கு உத்தரவிட்டது. பின்னாளில் அந்நிறுவனம் இக்கொள்கையைக் கைவிட்டது. கைவிட்டது நல்லதே. ஆனால் உத்தரவாதம் என்பது பெட்டியில் அச்சிட்ட எழுத்தன்று, நிறுவனம் நாடு பார்த்து மாற்றக்கூடிய ஏற்பாடு என்பதை அந்த எட்டு ஆண்டு வழக்காறு நமக்குக் காட்டிவிட்டது.

சுங்கத்தைப் பற்றி நம்மில் பலர் எண்ணுவதே இல்லை. தகவல் தொழில்நுட்பப் பொருள் ஒப்பந்தத்தில் 1997இல் இந்தியா சேர்ந்ததன் பயனாக, வணிகர் இறக்குமதி செய்யும் நுண்செயலிக்கு அடிப்படைச் சுங்க வரி இல்லை. ஆனால் தனியாள் தம் சொந்த உபயோகத்துக்காக அஞ்சலிலோ கூரியரிலோ தருவிக்கும் பொருள்களுக்குச் சுங்க அட்டவணையில் வேறொரு தலைப்பு உண்டு. நம் சில்லும் வழக்கமாக அதன்கீழ் போய் வரிக்கு ஆளாகிறது. ஆக, வணிகருக்கு இல்லாத சுங்கம் மாணவருக்கு உண்டு! அதற்கு மேல் ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரி, அதற்கும் மேல் கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம். ‘பரிசு என்று எழுதி அனுப்புகிறேன், வரி இராது’ என்று ஆசை காட்டும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். அந்தக் கதவு 2019 டிசம்பரிலேயே மூடப்பட்டுவிட்டது. ராக்கிக்கும் உயிர் காக்கும் மருந்துகளுக்கும் மட்டுமே விலக்கு. விலையைக் குறைத்து எழுதுகிறேன் என்பார் வேறொருவர். எழுதுவது அவர் கை. சுங்க அதிகாரியின் முன் இறக்குமதியாளராக நிற்பது நாம்.

சட்டம் நமக்குத் துணை நிற்காதா என்று கேட்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையீடு செய்ய வழி தருகிறது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், இந்திய நுகர்வோருக்கு முறையாகப் பொருள் வழங்கும் வெளிநாட்டு நிறுவனத்தையும் தம் வரம்புக்குள் கொண்டுவருகின்றன. ஏட்டில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. எனினும் மாவட்ட ஆணையத்தின் அறிவிப்பை, பெயர்ப் பலகையே இல்லாத ஒரு ஷென்சென் அறைக்கு யார் கொண்டு சேர்ப்பது? போதாததற்கு, கடையே மறைவதும் உண்டு. 2020 நவம்பரில் மைய அரசு 43 செயலிகளைத் தடை செய்தபோது, நம்மவர் பெரிதும் நாடிய அலிஎக்ஸ்பிரஸும் அதில் ஒன்று.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவன் ஆகேன். கணிப்பொறியின் உறுப்புகளில் எளிதில் தேயாதது நுண்செயலியே. பத்தாண்டு உழைத்தது இன்னும் பத்தாண்டு உழைக்கக் கூடும். தகவல் மையங்கள் கழித்துப்போட்ட ஜியான் இ5-2680 வி4 என்ற 2016ஆம் ஆண்டுச் சில்லில் 14 கருக்கள் உள்ளன. பழைய சரக்கில் அது கிடைக்கும் விலையைப் பார்த்தால் எவருக்கும் நாவூறும். அதை வாங்கி மகிழ்ச்சியோடு புள்ளியியல் கணக்குப் போடுகிறவர்களை நான் அறிவேன். ஆனால் அதன் 120 வாட் வெப்பத்துக்கு நல்ல விசிறி வேண்டும். உள்ளே திரைக்கான பகுதி இல்லாததால் தனிக் கிராபிக்ஸ் அட்டை வேண்டும். அதற்குப் பொருந்தும் புது மதர்போர்டு என்று சீனாவிலிருந்து வருபவற்றுள் பல, வேறு பழைய போர்டுகளிலிருந்து பெயர்த்த சிப்செட்டை வைத்துச் செய்தவை. இவை யாவும் அறிந்து, பழுது வந்தால் தாமே பார்த்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு அது நல்ல பேரம். முதல் கணிப்பொறி பூட்டுகிறவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். புத்தம் புதிய சில்லு பாதி விலைக்கு என்று வருவதையோ, யாருக்குமே பரிந்துரைக்க மாட்டேன்.

ரிச்சி தெருக் கடைக்காரர்கள் எல்லாரும் அரிச்சந்திரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் ட்ரே சரக்கைப் பெட்டி விலைக்குத் தள்ளுவோர் உண்டு. ஆனால் வரி எண்ணோடு கூடிய ரசீது கையில் இருக்கும். கண்ணெதிரே ஒரு போர்டில் பொருத்தி ஓட்டிக் காட்டச் சொல்லலாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொன்னால் பதில் சொல்லக் கூடிய முகவரி இருக்கும். மூர் மார்க்கெட்டில் இருந்த அந்தச் சண்டை போடும் வசதி இங்கே இன்னும் இருக்கிறது. எவ்வளவு சொன்னாலும் வெளிநாட்டில்தான் வாங்குவேன் என்போர், மதர்போர்டை முதலில் வாங்கிவிட்டு நுண்செயலியைக் கடைசியில் வாங்கட்டும். பொதியைப் பிரிப்பதைத் தொடக்கத்திலிருந்து படம் பிடிக்கட்டும். வந்த அன்றே ஓட்டிப் பார்க்கட்டும்.

ஓட்டிப் பார்க்க இடம் எங்கே என்றுதான் இப்போது கேட்பீர்கள். இதற்காக நம் கணிப்பொறி அறிவியல் துறைப் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வுக்கூடத்தின் ஒரு மூலையில் ஒரு சோதனை மேசை போதும். ஏ.எம்.டி. வகைக்கு ஒன்றும் இன்டெல் வகைக்கு ஒன்றுமாக இரண்டு மதர்போர்டுகள், ஒரு மின்வழங்கி, இரண்டு நினைவக அட்டைகள், ஒரு பழைய கிராபிக்ஸ் அட்டை வேண்டும். வாரத்தில் ஒரு நாள், வகுப்பு முடிந்த பின் ஒரு மணி நேரம், எந்தத் துறை மாணவரும் தாம் வாங்கிய சில்லைக் கொண்டுவந்து பொருத்திப் பார்க்கலாம் என்று அனுமதித்தால், கெடு முடியுமுன் உண்மை தெரிந்துவிடும். ஊசி வளைந்திருக்கிறதா என்று பார்க்கப் பூதக்கண்ணாடி ஒன்று தாவரவியல் துறையிலேயே இருக்கிறது, கேட்டால் தருவார்கள்.